மைக்கில் இறங்கிய அபிஷேகம்

1. எங்கள் சபையில் தாலந்துப் படிவம் கொடுத்தார்கள். தேவன் உங்களுக்குத் தந்த திறமை எது, அதைக் காணிக்கையாகப் படைக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள்.
2. பெண்கள் பக்கத்தில் நான்கு கட்டங்கள்: பாட்டு, பூ அலங்காரம், ஓய்வுநாள் பள்ளி, காபி.
3. நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவள். புதுக்கோட்டையில் பேனல் போர்டு செய்யும் பட்டறையில் வேலை. ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்து, ‘மின்சார வேலை’ என்று எழுதி டிக் அடித்தேன்.
4. என்னைப் பாடகர் குழுவில் போட்டார்கள்.

செயலாளரிடம் போய்க் கேட்டேன். தாலுகா ஆபீஸில் ஓய்வு பெற்றவர்.

“கட்டத்துக்கு வெளிய எழுதுனா செல்லாதும்மா.”

“எனக்குப் பாட வராதுங்கய்யா.”

“வாய அசைச்சாப் போதும். கர்த்தர் இருதயத்தப் பாக்குறவரு. வயரிங்குக்கு என் மச்சினன் இருக்கான்ல.”

மச்சினனின் தகுதி, அவர் வீட்டில் பெரிய ஸ்பீக்கர் வைத்திருப்பது.

முதல் ஞாயிறு. செருப்பை வாசலில் விட்டு, வெறுங்காலோடு நின்று மைக்கைத் தொட்டேன். விரலிலிருந்து முழங்கைவரை சுளீர் என்றது. எனக்குப் பழக்கப்பட்ட சுளீர்தான். பக்கத்தில் நின்ற பாடகர் குழு அக்கா, ஏழு மாதக் கர்ப்பிணி, என் காதில் கிசுகிசுத்தார்.

“ஒனக்கும் எறங்குச்சா?”

“என்னக்கா எறங்குச்சு?”

“பரிசுத்த ஆவி அபிஷேகம்டி. மழ பேஞ்சு தரை ஈரமா இருந்தா இன்னும் நல்லா எறங்கும்.”

எங்கள் சபையில் அதுவரை யாரும் இவ்வளவு துல்லியமான தொழில்நுட்பக் குறிப்பைச் சொன்னதில்லை. இந்த அபிஷேகத்தைப் பற்றி மூன்று பேர் ஏற்கெனவே சாட்சி சொல்லியிருக்கிறார்களாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு மழை. ஆராதனைக்கு முன்பே டெஸ்டரோடு போய்விட்டேன். மைக்கில் வைத்ததும் டெஸ்டர் விளக்கு எரிந்தது. ஆம்ப்ளிஃபயரின் மூன்று முள் பிளக் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் நுழையவில்லை என்று மச்சினன், கசியும் கரண்டை மண்ணுக்கு அனுப்பும் எர்த் முள்ளை வெட்டி எறிந்திருந்தார். கட்டடத்தின் எர்த் வயரோ மண்ணுக்குள் போகாமல், பின்சுவரில் காற்று வாங்கிக்கொண்டு தொங்கியது.

செயலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“சின்னதாத்தான எரியுது? அடுத்த மாசம் கமிட்டில வைப்போம்.”

“அதுவரைக்கும் அக்கா மைக்கைத் தொடக் கூடாதுங்கய்யா.”

“அபிஷேகத்தத் தடுக்கிறியாம்மா? இங்கிட்டுப் பாரு.”

நான் தடுப்பதற்குள் செயலாளர் வெறுங்காலோடு மைக்கைப் பிடித்துவிட்டார். “ஐயையோ!” என்று அலறிக் கையை உதறினார். அந்த நேரத்தில் அவர் வாயில் ஸ்தோத்திரம் வரவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

அன்று மைக் இல்லாமலே ஆராதனை நடந்தது. பிரசங்கம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்ததில் யாருக்கும் வருத்தமில்லை.

அந்தச் சனிக்கிழமையே, கமிட்டிக்குக் காத்திராமல், சபைக் கட்டடத்துக்குப் பின்னால் ஆள் வைத்துக் குழி வெட்டச் சொன்னேன். குழாயை இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடி, தொங்கிய எர்த் வயரை அதில் இணைத்தேன். பிளக்கையும் மாற்றினேன். இயேசு சொன்ன உவமையில் தாலந்தை மண்ணில் புதைத்தவனுக்குத் திட்டு விழுந்தது. என் தாலந்தை மண்ணில் புதைத்தால்தான் வேலை செய்யும்.

மறுநாள் அறிவிப்பில், ‘மைக் ஊழியத்தைச் செவ்வனே செய்துவரும்’ மச்சினனுக்கு நன்றி சொன்னார்கள். சபையார் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், மெதுவாக.

அக்காவுக்குத்தான் குறை. “இப்பல்லாம் மைக்கப் புடிச்சா ஒண்ணுமே எறங்க மாட்டேங்குதுடி. சபையில ஜெபம் கொறஞ்சுபோச்சு.” அன்று இறங்கியது கரண்ட் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, இருவரும் நலம். மைக் ஊழியம் இன்றும் மச்சினன் பெயரில்தான் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை எர்த்தைச் சோதிப்பது நான். அதை யாரும் கேட்டதுமில்லை, தடுத்ததுமில்லை.