ஊசி குறைந்த வருடம்

முதலில் அதை நல்ல செய்தி என்றுதான் நினைத்தோம்.

என் வீட்டுக்காரர் ஆலங்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் பஸ் ஓட்டியவர். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த சில வருடங்களில் அந்த வேலையில் சேர்ந்தார். சர்க்கரை நோய் அதற்கு முன்பே இருந்தது. காலையில் இன்சுலின் (சர்க்கரையைக் குறைக்கும் ஊசி மருந்து) போட்டுவிடுவது நான்தான்.

ஒருநாள் வண்டியை எடுக்கப் போகையில் வியர்த்து, கை நடுங்கி, ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்தார். எங்கள் ஊர் டாக்டர் ஊசியின் அளவைக் குறைத்தார். அடுத்த மாதமும் குறைத்தார். நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினால் செங்கல் நிறமாகும் சிறுநீர், இப்போது நீலமாகவே நின்றது; சர்க்கரை இல்லை என்று அர்த்தம். நோய் விட்டுப்போய்விட்டது என்று இவர் தெரு முழுக்கச் சொன்னார். நான் பாயசம் வைத்தேன்.

கால் வீங்கியதால்தான் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டர் வேறு மருந்து எதுவும் கலக்காமல் கண்ணாடிக் குழாயில் சிறுநீரைச் சூடாக்கினார். முட்டையின் வெள்ளைக்கரு வேகிற மாதிரி வெளுத்துத் திரண்டது. அல்புமின் (ரத்தத்தில் தங்க வேண்டிய புரதம்) ஒழுகுகிறது என்றார்.

"அதான் சர்க்கரை கொறஞ்சிருச்சுங்களே?" என்றேன்.

"நோய் குறையலைம்மா. சிறுநீரகம் கெட்டுப்போச்சு. போட்ட ஊசி மருந்து சீக்கிரம் கழியாம உடம்புலயே தங்கிருது. அதான் கொஞ்சமே போதுமா இருக்கு."

இவர் கேட்டார். "ரெண்டு இருக்குங்களே சார், ஒன்னாவது தேறாதுங்களா?"

"இது ரெண்டையும் சேர்த்துத்தான் கெடுக்கும்."

உப்பைக் குறைக்கலாம், வீக்கத்துக்கு மருந்து தரலாம், கெட்டதைத் திருப்ப வழியில்லை என்றார். திரும்பும் பஸ்ஸில் வேறொருவர் ஓட்ட, இவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் பிரேக்கைத் தேடிப் பலகையை மிதித்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஊசி காரணமில்லாமல் குறைந்தால், சந்தோஷப்படும் முன்பு அல்புமின் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு அரிப்பு, குமட்டல், ஓயாத தூக்கம். உச்சி வெயிலில் கண் திறந்து, "விடிஞ்சிருச்சா?" என்பார். ஆமாம் என்று சொல்லி முகம் கழுவிவிடுவேன். அவர் விழிக்கிற நேரமே எங்களுக்கு விடியல் ஆயிற்று.

கடலை பிடுங்கும் காலத்தில் போய்விட்டார். அதற்குப் பிறகும் வெகுநாள், வெயில் உச்சிக்கு ஏறும்வரை எனக்குப் பசிக்கவில்லை. என் உடம்புக்கு அதுவரை பொழுது விடிந்திருக்கவில்லை.