யாருடைய போர்ட் பக்கம்?

கடற்படையை விட்டு வந்து ஆவடியில் தொழிற்சாலை வேலையில் சேர்ந்த பிறகும் எனக்கு இடது, வலது என்று சொல்ல வராது. கப்பலில் இடப்பக்கம் போர்ட், வலப்பக்கம் ஸ்டார்போர்ட். "பருப்பு டப்பா போர்ட் பக்க அலமாரியில்" என்பேன். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். எழுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

ஒரே கப்பலில் இருந்த பதினைந்து பேர் பட்டாபிராமில் சங்கம் வைத்திருந்தோம். மாதம் ஒரு ஞாயிறு செயலாளர் வீட்டில் கூடுவோம். அவர் கப்பலில் பீரங்கிக்காரராக இருந்தவர், அப்போது பாடியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். போண்டாவுக்கு முன்னால் ஆஜர் பட்டியல் வாசிப்பார். வராதவனுக்காக, அவனோடு சேர்ந்து வேலை பார்த்தவன் எழுந்து "மதுரையில் இருக்கிறான், பெண் குழந்தை பிறந்திருக்கிறது" என்கிற மாதிரி பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லாத பெயர் ஒன்றே ஒன்று. சொல்ல வேண்டியவன் நான். ஒவ்வொரு மாதமும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவனும் நானும் கொடிச் சைகைக்காரர்கள். பக்கத்துக் கப்பலில் கொடி வீசுவதை நான் வாசிப்பேன், அவன் எழுதிக்கொள்வான். ஒருநாள் ஓர் எழுத்தைத் தப்பாக வாசித்துவிட்டேன். எழுதியவன்தான் தப்பு செய்தான் என்று அதிகாரி முடிவு கட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. அவனுடைய விடுப்பு ரத்தாகி, அக்கா கல்யாணத்துக்கே போக முடியவில்லை. அதிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

செயலாளர் எப்படியோ அவன் திருவள்ளூரில் இருப்பதைத் துப்பறிந்து, என் கையில் ஒரு தபால் கார்டைத் திணித்தார். "நீ எய்து மாமே. நீ கூப்டாதான் மருவாதி."

எழுதினேன். ஒரே ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்று பதில் வந்தது. அந்த ஞாயிறு ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தோம். வீட்டில் போண்டா ஆறிப்போயிற்று, அவனைக் காணோம்.

"இன்னா எய்தினே?" என்றார் செயலாளர்.

"ஸ்டேஷனில் இறங்கி ரயிலுக்குப் போர்ட் பக்கம் வா, வாசலில் நிற்கிறோம்னு."

"யோவ்! நம்ம ஆளுங்க மெட்ராஸ் பக்கத்துலேர்ந்து வர்றாங்க. அவன் திர்வள்ளூர்லேர்ந்துல்ல வரான்? அவன் ரயிலுக்குப் போர்ட் அந்தாண்ட கீதுய்யா!"

நடைமேடைக்கு ஓடினோம். எதிர்ப்பக்க நடைமேடைக்கு அப்பால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் சாலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். வேண்டுமென்றே அலையவிட்டேன் என்றுதானே நினைத்திருப்பான்? மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் பஸ் பிடித்துவிடுவான். ராணுவக் கிடங்குக்குப் போகும் கிளைத் தண்டவாளத்தில் ஓர் எஞ்சின் நீராவி விட்டுக்கொண்டிருந்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. செயலாளர் சட்டைப்பையிலிருந்து கப்பல் விசிலை எடுத்து ஊதினார். ஆட்களைக் கூப்பிடும் அந்தக் கீச்சுச் சத்தத்துக்கு நிற்காத மாலுமி கிடையாது. அவனும் நின்று திரும்பினான்.

பெஞ்சு மேல் ஏறினேன். ஒரு கையில் துண்டு, ஒரு கையில் செய்தித்தாள். செய்தியை எழுத்துக்கூட்டி வீசத் தொடங்கினால், முதல் எழுத்தே கோணல்.

"அய்ய, இன்னாத்துக்குய்யா காக்கா ஓட்டிக்கினு கீறே?" என்றாள் வேர்க்கடலை விற்ற அம்மா.

தப்பாக அனுப்பிவிட்டால் ஒரு கையை எட்டு முறை தூக்கி இறக்க வேண்டும். 'நான் அனுப்பியது தவறு' என்று அர்த்தம். எட்டு முறை தூக்கினேன். அதோடு நிறுத்த முடியவில்லை. மறுபடி எட்டு, மறுபடி எட்டு. கார்டுக்காகத் தொடங்கியது எப்போது அந்தப் பழைய எழுத்துக்காக ஆயிற்று என்று தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

அவன் பையைக் கீழே வைத்தான். ஸ்டார்போர்ட் கையைச் சாய்வாகத் தூக்கி அப்படியே பிடித்தான். 'வாசித்துவிட்டேன்' என்று அர்த்தம். பிறகு மேம்பாலப் படியை நோக்கி நடந்தான்.

அன்று ஆஜர் பட்டியலைத் தாமதமாகத்தான் வாசித்தார்கள். அவன் பெயர் வந்ததும், இத்தனை மாதம் விட்டதையெல்லாம் சேர்த்துச் சொல்கிற வேகத்தில் நான் எழுந்துவிட்டேன்.

"ஒக்காருடா" என்று என் போர்ட் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "நானேதான் வந்துகீறேன்ல."