இரண்டு மில்லிமீட்டர்

இயற்பியலில் 270. கண்ணைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தரும் ஆப்டோமெட்ரி படிப்புக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வில் மதிப்பெண் 200-இல் தொடங்கி 400-இல் முடியும். முன்னூறுக்குக் கீழே போனால் விண்ணப்பத்தை இரண்டு விரலால்தான் தூக்கிப் பார்ப்பார்கள். ரெனாட்டா கோவல்சிக் மற்ற பாடங்கள் எல்லாவற்றிலும் 330-ஐத் தாண்டியிருந்தாள்.

ஒஹாயோவின் டொலிடோ நகரம், நான்காண்டுப் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு முடிந்த கோடை. நான்கு வருடமாக மாலையில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் கண் டாக்டரின் அறையில் ஓரமாக நின்று பார்த்தது மட்டும் நூற்றிருபது மணி நேரம். பேராசிரியர்களின் கடிதங்கள் கைக்கு வந்துவிட்டன. விண்ணப்பக் கட்டுரையைப் பதினோரு முறை திருத்தியாயிற்று. அந்த 270 மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய நார் போல உறுத்தியது.

"மறுபடி எழுதேன்டி," என்றாள் அம்மா வாண்டா. பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்.

"மூணு மாசம் காத்திருக்கணும்மா. அதுக்குள்ள பாதி சீட்டு போயிடும். விண்ணப்பம் வர வர நிரப்பிட்டே இருப்பாங்க."

"அப்ப இதையே அனுப்பு. பனி கொட்டுதுன்னு நான் பஸ்ஸ ஷெட்லயேவா வெச்சிருக்கேன்?"

நான்கு கல்லூரிகளுக்கு அனுப்பினாள். மூன்று கைவிரித்தன. ஒன்று நவம்பரில் நேர்முகத்துக்கு அழைத்தது. இருப்பது அந்த ஒரே வாய்ப்பு.

கடையில் கூட வேலை செய்யும் பர்னீஸ் வழியனுப்பினாள்: "ஏய் டாக்டரம்மா, அங்க போய் வாய் தவறி 'ரெண்டு எடுத்தா ஒண்ணு இலவசம்'னு சொல்லித் தொலைக்காதே!"

நேர்முக அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் கல்லூரியின் தேர்வுக் குழுவிலிருந்து டாக்டர் விட்லாக். ஓரத்தில் இறுதியாண்டு மாணவி ஒருத்தி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். விட்லாக் கோப்பைப் படிக்கத் தாடையை உயர்த்தினார், இறக்கினார், மறுபடி உயர்த்தினார். ரெனாட்டாவுக்கு விரல் நமநமவென்றது.

"இயற்பியல்ல 270. என்ன ஆச்சு?"

மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் தொண்டை வரை வந்தது. வெளியே வந்தது வேறு.

"டாக்டர், கண்ணாடிய ஒரு நிமிஷம் கழட்டிக் குடுங்க."

மாணவியின் பேனா நின்றது. விட்லாக் புருவம் உயர்த்தினார், ஆனால் கொடுத்தார். மூக்கில் உட்காரும் இரண்டு சிறு தாங்கிகளும் அகன்றிருந்தன. கட்டைவிரலால் அவற்றை நெருக்கி, எழுந்து போய் அவர் முகத்திலேயே மாட்டிவிட்டாள். மாட்டிய பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று உறைத்தது.

அவர் கோப்பைப் பார்த்தார். தாடை அசையவில்லை.

"ரெண்டு மில்லிமீட்டர் கீழ இறங்கியிருந்துது, டாக்டர். லென்ஸோட அடிப்பாகத்துல இருக்கிற படிக்கிற பவரத் தேடித்தான் தலையத் தூக்குனீங்க."

"இது கடைக்காரங்க பதில். ஒளி என்ன பண்ணுச்சு?"

ரெனாட்டா ஒரு தாளைத் திருப்பிப் படம் போட்டாள். "லென்ஸ் நடுவுல போற ஒளி நேராப் போகும். நடுவ விட்டு விலகினா வளையும். விலகுன தூரத்த சென்டிமீட்டர்ல எடுத்து பவரால பெருக்கினா, எவ்வளவு வளையுதுன்னு வந்துடும்."

"என் பவர் அஞ்சு."

"புள்ளி ரெண்டு சென்டிமீட்டர் பெருக்கல் அஞ்சு. ஒண்ணு. ஒரு மீட்டர் தள்ளிப் பாத்தா ஒளி ஒரு சென்டிமீட்டர் விலகியிருக்கும்."

"யார் சொல்லிக் குடுத்தது?"

"சரியா உக்காரலன்னு கடைக்குத் திரும்பி வந்த கண்ணாடிங்கதான். எழுபது எண்பது இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் திட்டு வாங்கியிருக்கேன்."

மாணவி சிரித்துவிட்டாள். விட்லாக் சிரிக்கவில்லை. ஆனால் 270 பற்றி மறுபடி கேட்கவும் இல்லை.

காரிலிருந்து அம்மாவை அழைத்தாள். "டாக்டரோட மூக்குல கை வெச்சுட்டேன்மா."

"அடிப்பாவி!"

டிசம்பர் மூன்றாம் தேதி கல்லூரியிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தபோது அவள் ஒரு கிழவருக்குப் பிரேம் காட்டிக்கொண்டிருந்தாள். பேசி முடித்ததும் முகத்தைப் பார்த்தே பர்னீஸுக்குப் புரிந்துவிட்டது. "சீட்டு கிடைச்சிருச்சு!" என்று அவள் போட்ட கத்தலில் எதிரே செருப்புக் கடைக்காரர்கள் வெளியே ஓடி வந்தார்கள். என்ன ஏதென்று தெரியாமலே கிழவரும் கை தட்டினார்.

வாண்டா அன்று மாலை, குழந்தைகள் எல்லோரும் இறங்கிய காலிப் பேருந்தில், தெரு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

மே மாதம் பட்டம் வாங்குகிறாள் ரெனாட்டா. ஆகஸ்ட் பதினேழாம் தேதி காலை எட்டு மணிக்கு ஆப்டோமெட்ரி கல்லூரியில் முதல் வகுப்பு.