லிஃப்ட்காரர் தைத்த தொட்டில்

கோணி ஊசி தடித்த கித்தான் துணியில் பாதி இறங்கி நின்றுவிட்டது. லிஃப்ட்காரர் அதன் தலையைக் கட்டிலின் இரும்புக் காலில் வைத்து அழுத்தி, மறுபக்கம் இடுக்கியால் பிடித்து இழுத்தார். ஒவ்வொரு தையலுக்கும் இதே பாடு. விரல்களில் இருந்த பிளாஸ்திரி காலையில் நான் ஒட்டியது.

அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்த்தே காலம் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோருக்கும் லிஃப்ட்காரர்தான். மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு விழவில்லை, அது முன்பைவிடக் கூடியிருந்தது. பகலில் நான் பார்த்துக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். ஆளைப் புரட்டவும் தூக்கவும் பயிற்சி உண்டு, அதற்கான முதுகுதான் இப்போது இல்லை. இரவில் அவர் தனியாகப் பார்த்தார். போன வாரம் மனைவியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது இருவரும் சேர்ந்து தரையில் விழுந்தார்கள். எலும்பு உடையவில்லை. ஆனால் மகள் முடிவெடுத்துவிட்டாள். அம்மாவைக் காப்பகத்தில் சேர்க்க மறுநாள் காலை வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

மகளைக் குறை சொல்ல மாட்டேன். வேலை, இரண்டு பிள்ளைகள், ஃபோன் அடித்தாலே நெஞ்சு படபடப்பு. ஆனால் அம்மாவுக்குப் போக மனமில்லை. "அங்க போனா நான் யார்கூடச் சண்டை போடறது?" என்றார்.

அதற்காகத்தான் இந்தக் கித்தான். லிஃப்ட்காரர் கூரையில் சிறு தண்டவாளம் பொருத்தி, அதில் நகரும்படி ஒரு செயின் கப்பியை மாட்டியிருந்தார். செயினை இழுத்தால் பாரம் ஏறும், விட்டால் அப்படியே நிற்கும். கித்தானில் ஆளைக் கிடத்தி நான்கு பட்டைகளையும் கொக்கியில் மாட்டினால், ஒருவரே நாற்காலிக்கு மாற்றிவிடலாம். மனைவியைவிடக் கனமான மணல் மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்திருந்தார். மூட்டை ஆடாமல் தொங்கியது.

"பொண்டாட்டியும் மணல் மூட்டையும் ஒண்ணுன்னு கண்டுபிடிச்ச ஒரே ஆள் நீங்கதான்" என்றார் அம்மா.

தையல் முடிந்ததும் அம்மாவைக் கித்தானில் கிடத்தித் தூக்கினோம். ஒரு சாண் உயர்ந்ததும் உடம்பு இடப்பக்கம் சரிந்தது. விழுந்த கை வெளியே தொங்கியது, தலை தோளில் மடிந்தது. "இறக்குங்க" என்றேன். இறக்கினார். அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

லிஃப்ட்காரர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "அவ்வளவுதான்க்கா. அவ துணியப் பெட்டியில எடுத்து வெச்சிடுங்க."

எடுத்து வைத்தேன். எனக்கும் அலுத்துப் போயிருந்தது. பெட்டியை மூடி வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினால், மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நாலு பட்டையும் ஒரே நீளம். பின்ன ஏன் சாயுது?"

"இடப்பக்கம்தானே விழுந்திருக்கு" என்றேன்.

"விழுந்தாலும் எடை குறையலையே. ரெண்டு பக்கமும் அதே எடைதானே?"

ஆஸ்பத்திரியில், விழுந்த பக்கம் சாயும், தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பிடித்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றியதில்லை.

"இருங்க, நானே ஏறிப் பாக்கறேன்" என்று தரையில் கித்தானை விரித்துப் படுத்துக்கொண்டார். செயினை நான் இழுத்தேன். நேராகத் தொங்கினார்.

"இடப்பக்கத்த அப்படியே விடுங்க" என்றார் அம்மா கட்டிலிலிருந்து.

"விட்டுட்டேன்."

"விடல. வயித்த இறுக்கி வெச்சிருக்கீங்க. சாப்பிட்டுட்டு டிவி முன்னாடி எப்படிக் கிடப்பீங்க, அப்படி விடுங்க."

சற்று நேரம் முயன்றார். பிறகு அவர் உடம்பும் மெல்ல இடப்பக்கம் சரிந்தது. கோணலாகத் தொங்கியபடியே சிரித்தார்.

"இத்தனை நேரம் நானேதான் என்னைப் பிடிச்சிட்டு இருந்திருக்கேன். எனக்கே தெரியல." கீழே இறங்கிய பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். "லிஃப்டுக்குள்ள ஆள் எப்படி நிக்கறாங்கன்னு நான் யோசிச்சதே இல்லக்கா. பெட்டி நேராப் போனாப் போதும். உள்ள இருக்கறவங்க தன்னால நின்னுப்பாங்க. இவளால அது முடியாதுல்ல."

இடது தோள் பக்கத்துப் பட்டையைப் பிரித்து நான்கு விரல் அளவு குறைத்துத் தைத்தார். கை வெளியே விழாதிருக்க வயிற்றின் மேல் ஒரு பை வேண்டும் என்றேன், அதையும் தைத்தார். இடுப்புக்கு அண்டை கொடுக்க நான் ஒரு துண்டைச் சுருட்டிக் கட்டினேன். மறுபடி ஏற அம்மா ஒப்பவில்லை. "ஒரு நாளைக்கு ஒரு பயம் போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டார். துணிப்பெட்டி வாசலிலேயே இருந்தது.

மறுநாள் காலை மகள் வந்தாள். கித்தானைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "அப்பா, இதுல அம்மாவ ஏத்த நான் விட மாட்டேன்."

அவர் பட்டைகளை அவளிடம் நீட்டினார். தூங்காத முகம். மகள் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். "இது மட்டும் ஏன் குட்டையா இருக்கு?"

"படுத்துப் பாரு, தெரியும்" என்றார் அம்மா.

கைப்பையைக் கீழே வைத்துவிட்டுப் படுத்தாள். அப்பா செயினை இழுக்க, அம்மா அதட்டினார்: "இடப்பக்கத்த விடுடி. அப்பன மாதிரியே விறைச்சுக்காத." மகள் விட்டாள். உடம்பு தளர்ந்தது, ஆனால் சரியவில்லை. சற்று நேரம் கூரையைப் பார்த்தபடி தொங்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு அம்மாவை ஏற்றினோம். கையைப் பையில் வைத்தேன், மகள் தலைப்பக்கம் நின்றாள், அவர் செயினை இழுத்தார். கட்டிலை விட்டு உயர்ந்து, நகர்ந்து, நாற்காலியில் இறங்கினார் அம்மா. வழியில் கண்ணைத் திறக்கவேயில்லை. இறங்கியதும், "தொட்டில்ல போடற வயசா எனக்கு?" என்றார்.

"இந்த மாசம் பாக்கலாம்பா" என்றாள் மகள். வெளியே போய் வண்டிக்காரரை அனுப்பிவிட்டு வந்து, பெட்டியைத் திறந்து துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். அம்மா நாற்காலியில் இருக்க, கட்டில் காலியாக இருந்தது. நான் விரிப்பை உருவிவிட்டு வேறு போட்டேன். அம்மாவைப் புரட்டும் வேலை இல்லாததால் சீக்கிரம் முடிந்தது.