ஐம்பத்தேழு கிலோ

“செருப்போட ஏறுங்க. பையையும் கையில பிடிச்சுக்குங்க. மேலே போகும்போது அதையெல்லாம் இங்கேயா விட்டுட்டுப் போவீங்க?”

எடை மேடையில் நிற்கும் குத்தகைக்காரர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறார். முள் அசைய மறுக்கிறது. எடைக்காரம்மா எண்ணைச் சத்தமாகச் சொல்வதில்லை. தாளில் குறித்துவிட்டு இடக்கையால் மறைத்துக்கொள்வார். எடை பார்த்தபின் கடைக்குப் போய் ஏதாவது வாங்கி வந்தவரை மறுபடி மேடையேற்றாமல் விடமாட்டார்.

மலைமேல் அணை கட்டும் முகாமுக்கு ஹெலிகாப்டரில் போகிறவர்களைப் பதினோரு வருடமாக அவர்தான் நிறுக்கிறார். மேடைக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானி. அது ஏற ஏற, ஏற்றக்கூடிய எடை இறங்கும்.

“அந்த விசிறி காத்தைக் கீழே தள்ளித்தானே மேலே ஏறுது? வெயில்ல காத்து நீர்த்துடும். மலைமேல சும்மாவே நீர்த்த காத்து. தண்ணி மோரைக் கடைஞ்சா வெண்ணெய் திரளுமா?”

எடை மிஞ்சினால் பட்டியலில் கடைசிப் பெயர் இறங்க வேண்டும். இது அவரே வைத்த ஒழுங்கு. இன்று அந்தக் கடைசிப் பெயர் அவருடையது. முகாமில் வேலை பார்க்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். இன்றோ நாளையோ என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். “எழுதுறவ பேரை முதல்ல போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கும்?” என்று காலையில் சிரித்தபடி அடியில் எழுதினார்.

ஆறு மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். பள்ளத்தாக்கை மேகம் அடைத்துக்கொண்டு பத்தரைக்குத்தான் வழிவிட்டது. அதற்குள் வெப்பமானி முப்பத்து மூன்றைத் தொட்டுவிட்டது. விமானி அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். “ஐம்பத்தஞ்சு கிலோ குறையணும்க்கா.”

குத்தகைக்காரர் பதறினார். “ஒரு ஆள்தானே தம்பி, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். பாவம், பொண்ணு பிரசவத்துக்குப் போறாங்க!”

“நெருக்கி உக்கார இது பஸ்ஸாண்ணே?” என்றார் எடைக்காரம்மா. “இங்கே ஓராள் உயரம் எழும்பிடும். தள்ளின காத்தைத் தரை தாங்கிக் கொடுக்கும். அதைத் தாண்டினாத்தான் வண்டவாளம் தெரியும்.”

தன் பெயரை அடித்தார். செருப்பும் பையுமாக ஐம்பத்தேழு. கணக்கில் இன்னும் இரண்டு கிலோ ஏற்ற இடம் இருந்தது. தன் பையை மேடையில் வைத்தார்: மூன்றரை. தன் மாற்றுத்துணி, சால்வை, சோப்பு எல்லாவற்றையும் உருவினார். குழந்தைத் துணிகள் மட்டும் மிஞ்சின. ஒன்றே கால். அதைத் தாளில் குறித்துவிட்டு, மேலே போகும் நர்ஸிடம் கொடுத்தார்.

“என்ன சொல்லட்டும்மா அவகிட்ட?”

“வெயில்னு சொல்லு. அவளுக்குப் புரியும்.”

ஹெலிகாப்டர் ஓராள் உயரம் எழும்பி, அங்கேயே நின்று தன் பலத்தைச் சோதித்துக்கொண்டது. எடைக்காரம்மா வாசலிலேயே நின்றார். அது மூக்கைத் தாழ்த்தி முன்னே பாய்ந்து, மேலேறி, மலைப்பக்கம் திரும்பிய பிறகுதான் உள்ளே வந்தார்.

நாளைக்கான தாளை எடுத்தார். நாலு பெயர் எழுதினார். ஐந்தாவதாக, அடியில், தன் பெயர். பிறகு செருப்புகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு எடை மேடையில் ஏறி நின்றார்.