செவலையின் கழுத்து மணி

பொன்னனுக்கு முடிச்சுப் போடத் தெரியாது என்று மலைமேல் வாழவந்தி நாடே பதினெட்டு வருசம் சொல்லிச் சிரித்தது. பலா மரம் ஏறுகிறவனுக்கு இடுப்புக் கயிறு கட்டப் போனால், "நீ வேண்டாம் பொன்னா, வேற ஆளை உடு" என்பார்கள். கத்தாழை நாரில் அவன் திரித்த கயிற்றில்தான் அந்த ஊர் மாடெல்லாம் கட்டிக் கிடந்தன. ஆனாலும் பேர் அப்படி நின்றுவிட்டது. சிரித்த ஊர் மேல் அவனுக்குக் கோபம் இல்லை. கூட நின்று சிரித்த ஒருத்தன் மேல்தான் கோபம். அவன் செல்லமுத்து, பொன்னன் பெண்டாட்டி இருசாயியின் அண்ணன்.

செல்லமுத்துவைப் போலத் தடம் பார்க்கிற ஆள் மலையில் கிடையாது. புழுக்கையை விரலால் நசுக்கிப் பார்த்து, கடமான் காலையில் போனதா, நேற்றுப் போனதா என்று சொல்வான். வாயைக் குவித்துக் கேளையாடு மாதிரிக் குரைத்தால் எதிர்ச் சரிவிலிருந்து பதில் வரும். கேளை பேருக்குத்தான் ஆடு. நாய் போலக் குரைக்கிற சின்ன மான். சாமைக் காட்டுக்குப் புதர் வெட்டும்போது தாயில்லாத கேளைக் குட்டி ஒன்றை எடுத்து, "வளத்துக்கோ மாப்ள, உன்னையாட்டமே பேந்தப் பேந்த முழிக்குது" என்று பொன்னன் மடியில் போட்டதும் அவன்தான்.

செவலை என்று பேர் வைத்தார்கள். இருசாயி ஆட்டுப் பாலைத் துணியில் நனைத்துச் சப்பக் கொடுத்தாள். வளர்ந்து, விரல் நீளத்துக்குக் கொம்பு முளைத்த பிறகும் பகலெல்லாம் காட்டில் மேய்ந்துவிட்டுப் பொழுது சாய வீட்டுக்கு வந்து பொன்னன் கையை நக்கும். வேறு ஆள் தொட வந்தால் பாய்ந்து ஓடும். செல்லமுத்துவுக்கு மட்டும் நிற்கும். பலாச்சுளை ஊட்டிப் பழக்கியிருந்தான். "எனக்கும் இவன் மாப்ளதான்" என்பான்.

பொங்கல் வேட்டைக்கு ஊரே காட்டுக்குள் இறங்கும். வளர்த்த மிருகம் வைத்திருப்பவன் அதன் கழுத்தில் மணி கட்டி, கோயில் முன்னால் ஊர்க்கவுண்டரிடம் சொல்லிவிட வேண்டும். மணிச் சத்தம் கேட்டால் காடு கலைக்கிறவர்கள் "ஊட்டு ஆடு, ஊட்டு ஆடு" என்று கத்தித் தடியைத் தாழ்த்திவிடுவார்கள். பொன்னன் மிளகு மூட்டையோடு அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கி, வெண்கல மணி வாங்கி வந்து, தன் கயிற்றில் கோத்து இரட்டை முடிச்சுப் போட்டான். மூன்று வேட்டையில் செவலை பிழைத்தது.

நாலாம் வருசம் ஆனி மாசம் சேலத்திலிருந்து ஒரு துரை வந்தான். கொம்புள்ள தலை ஒன்று வேண்டுமாம். தடம் காட்டச் செல்லமுத்து போனான். இரண்டு நாள் அலைந்தும் ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் வெடிச் சத்தம் கேட்டது. பொன்னன் ஓடினான். எதிரே செவலையை மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தார்கள். கழுத்தில் மணி இல்லை. மயிர் தேய்ந்த கோடு மட்டும் இருந்தது.

"மணிச் சத்தமே கேக்கலயே பொன்னா, நாங்க என்னத்தக் கண்டோம்?" என்றார்கள் காடு கலைத்தவர்கள்.

"மாப்ள போட்ட முடிச்சு. எங்கியாச்சும் அவுந்து உழுந்திருக்கும்" என்றான் செல்லமுத்து. ஒருத்தன் சிரித்தான். செல்லமுத்துவும் சிரித்தான்.

சாயங்காலம் பலா மரத்தடியில் பொன்னனுக்குக் கயிறு கிடைத்தது. அறுந்திருக்கவில்லை. நகத்தால் நெம்பி, நிதானமாக அவிழ்த்த முடிச்சு. பக்கத்தில் ஈரம் காயாத பலாக்கொட்டை. மணியைக் காணோம்.

கோயிலில் சத்தியத்துக்குக் கூப்பிடலாம் என்று கிளம்பினான். இருசாயி வழியை மறித்தாள். "ஏனுங்க, எங்கண்ணன் பொய்ச் சத்தியம் பண்ணிட்டா நான் எந்த மூஞ்சியோட இந்த ஊர்ல இருக்கறதுங்க?" பொன்னன் திரும்பி உட்கார்ந்தான். அவனாக வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தான். வரவில்லை. அடுத்த வருசம், துரை எழுதிக் கொடுத்த சீட்டால் செல்லமுத்துவுக்குத் துப்பாக்கி லைசென்சு வந்தது.

அதன் பிறகு மச்சான் வீட்டு வாசலைப் பொன்னன் மிதிக்கவில்லை. வழியில் கண்டால் செல்லமுத்து நாலு பேர் கேட்க, "என்ன மாப்ள, முடிச்சுப் பழகிட்டியா?" என்பான். பாவி, எனக்குத் தெரியாதென்று நினைத்துப் பேசுகிறான், எனக்குத் தெரியும் என்று அறிந்தால் கூசிப் போவான் என்று பொன்னன் பல்லைக் கடித்துக்கொள்வான். அந்த ஒரு நினைப்புதான் அவனுக்கு ஆறுதல்.

செவலை செத்த பதினெட்டாம் வருசம் மார்கழியில் செல்லமுத்துவுக்கு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனது. மறுநாள் வேட்டை என்ற அன்று காலையில் ஆள் அனுப்பினான். இருசாயியின் அழுகை பொறுக்காமல் பொன்னன் போனான்.

பாய்க்கடியிலிருந்து பச்சை பிடித்த மணியை எடுத்துச் செல்லமுத்து நீட்டினான். "நாந்தான் அவுத்தேன் மாப்ள. துப்பாக்கி ஆசை."

"தெரியும்."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். மரத்தடியில நீ கயித்த எடுத்து மடியில சொருவுனத மேல பாறையில இருந்து பாத்துட்டேன்."

பார்த்துவிட்டுத்தான் பதினெட்டு வருசம் கேலி பேசியிருக்கிறான். துரை செவலையைச் சுட்டது கூடப் பொன்னனுக்கு இப்படி வலிக்கவில்லை.

"திட்டணும்னா பொறவு திட்டு" என்றான் செல்லமுத்து. "கொல்லையில கேளைக் குட்டி ஒண்ணு வருது. நெல்லிக்காய் வெச்சுப் பழக்கினேன். கோயில்ல சொல்லியாச்சு, மணி கட்டல. என் கைக்குத்தான் நிக்கும், நானோ எந்திரிக்க மாட்டாம கெடக்கறேன். நாளைக்கு வேட்டை. என்னையத் தூக்கிக் கொல்லையில உக்கார வை, நான் புடிச்சுக்கறேன். அந்தக் கயிறு உங்கிட்டத்தான இருக்குது? எடுத்துட்டு வந்து நீயே முடிச்சுப் போடு."