கொத்திப் போட்ட ஊர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். கொருக்குப்பேட்டையில் ஓர் இரும்புப் பட்டறையில் நான் ஃபிட்டராக இருந்தேன். ஒரு நாள் காலை, பாதிப் பேரை வேலையிலிருந்து நிறுத்தப் போவதாக வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எனக்கு நான்கு பிள்ளைகள். ராயபுரத்து வீட்டில் வயதான அம்மா வேறு.

ஹெட் கிளார்க் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஐரோப்பிய வம்சம்னு காகிதம் வெச்சிருக்கறவனை வேலைய விட்டு நிறுத்தக் கூடாதுன்னு துரை சொல்லியிருக்காரு. உன் பூனைக் கண்ணைப் பாத்தாலே தெரியுது. ஆனா கண்ணைப் புடுங்கி ஃபைல்ல ஒட்ட முடியுமா? ஒரு மாசத்துல காகிதம் கொண்டா” என்றார். பதினேழு வருஷம் நான் ராவிய இரும்புக்கு மதிப்பில்லை, செத்துப்போன ஒருவர் பிறந்த ஊருக்குத்தான் மதிப்பு. அந்த எரிச்சல் இன்றைக்கும் எனக்குத் தீரவில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

என் அப்பா ஜெர்மன்காரர், கப்பல் தச்சர். காய்ச்சலில் விழுந்தவரைக் கப்பல்காரர்கள் மெட்ராஸில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பிழைத்து எழுந்தவர், ராயபுரத்து மீனவப் பெண்ணான என் அம்மாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே படகுக்குப் பலகை செதுக்கினார். எனக்கு எட்டு வயதில் இறந்துபோனார். அவருடைய கப்பல் சர்வீஸ் புத்தகம் எங்கள் தகரப் பெட்டியில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் கூட வேலை செய்த தச்சர்கள் கல்லறைக் கல்லில் அவர் பெயரையும் ஊரையும் அப்படியே வெட்டி வைத்தார்கள்.

துறைமுக ஆபீசில் மூன்று நாள் கெஞ்சிய பிறகுதான் பழைய வருகைப் புத்தகங்களைத் திறந்தார்கள். ரெக்கார்டு அறைக் குமாஸ்தா நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். “உங்க நைனா இன்னா லாட் துரையா? கப்பல்லேர்ந்து எறங்கனவனையெல்லாம் எழுதி வெச்சிகினு இருப்பாங்களா?” என்று கேலி பேசிக்கொண்டே தூசி தட்டினார். கடைசியில் அவர்தான் கண்டுபிடித்தார். “ந்தா பாருபா, இங்க கீது!”

ஒரே வரி. கப்பலின் பெயர், அப்பாவின் பெயர், தச்சன், ஜெர்மனி, கடும் காய்ச்சல், கரையில் இறக்கப்பட்டான். ஊர்ப் பெயர் இல்லை. அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

“அழுவாத. இவருதான் உங்கப்பான்னு இன்னா ருசு?” என்றார் குமாஸ்தா.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கோயில் கல்யாணப் புத்தகத்தில் அந்தப் பெயர் கிடையாது. அம்மாவைக் கட்டிக்கொள்ள அப்பா கத்தோலிக்கரானபோது, வாயில் நுழையாத பெயரை விட்டுவிட்டு ஒரு புனிதரின் பெயரை எழுதிவிட்டார் உபதேசியார். எங்கள் தெருவில் பாதி ஆண்களுக்கு அதே பெயர்தான். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று சொல்ல அந்தக் கப்பல் சர்வீஸ் புத்தகமும் கல்லறைக் கல்லும்தான் இருந்தன. இரண்டையும் அழித்தவன் நான்.

ஜெர்மன்காரர்களின் எம்டன் போர்க்கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன வருஷம் அது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினார்கள். ஜெர்மன்காரன் வீட்டு ஆட்களையெல்லாம் பிடித்துப் போகிறார்கள் என்று பேச்சு. எனக்குப் பத்தொன்பது வயது, பட்டறையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பயத்தில் சர்வீஸ் புத்தகத்தை அடுப்பில் வைத்தேன். பட்டறை உளியை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனேன்.

அம்மா பின்னாலேயே ஓடி வந்து கையைப் பிடித்தாள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அந்த எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவுவது அவள் வழக்கம். “வேணான்டா நைனா. எனக்குப் படிக்கத் தெரியாது, தொட்டுப் பாத்துகினாவது கீறேன்டா.” அவளைத் தள்ளிவிட்டு ஓர் எழுத்து விடாமல் கொத்தினேன்.

குமாஸ்தா கொடுத்த நகலை மட்டும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். எப்படியாவது இரக்கப்படுவார்கள் என்று ஒரு நப்பாசை. ஹெட் கிளார்க் அதைப் படித்தார். பிறகு என் பழைய ஃபைலைப் புரட்டி ஒரு தாளை என் முன்னால் வைத்தார். அந்த எம்டன் வருஷத்தில், பட்டறையில் விசாரித்தபோது நான் கொடுத்த வாக்குமூலம். ‘என் தகப்பனார் ராயபுரத்துக் கட்டுமரக்காரர். எனக்கும் ஜெர்மனிக்கும் சம்பந்தமில்லை.’ கீழே என் கையெழுத்து.

“நீயே இப்பிடி எழுதிக் குடுத்துட்டு, இப்ப துரை முன்னால நான் இன்னா சொல்றது?” என்றவர், அதன் அடியில் அந்தக் காலத்து ஃபோர்மேன் இங்கிலீஷில் கிறுக்கியிருந்ததையும் வாசித்துத் தமிழில் சொன்னார். ‘பையன் பொய் சொல்கிறான். அப்பன் ஜெர்மன்காரன்தான், செத்து வெகுகாலம் ஆகிறது. நல்ல வேலைக்காரன். இவனால் ஆபத்தில்லை, இருக்கட்டும்.’

“அந்தாளு எழுதுனது செல்லாதா சார்?” என்றேன். “பெத்த புள்ள கையெழுத்துக்கு மேல அவன் கிறுக்கல் செல்லுமா?” என்று ஃபைலை மூடினார்.

என் பொய்யை யாரும் நம்பவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலும் யாரும் என்னைத் தொட்டிருக்கப் போவதில்லை. ஒன்றுமில்லாத பயத்துக்கு அப்பாவை இரண்டாவது முறை புதைத்திருக்கிறேன்.

வேலை போனது. அன்று மாலை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “எம்மா, நைனாவோட ஊர்ப் பேரு இன்னாம்மா?” என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் எனக்கு அது மறந்துபோயிருந்தது. அவர் சொல்லக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். மீன் அரிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“கல்லுல போய்ப் படி.”

சாகும் வரை அவள் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. இப்போது அப்பாவுக்குப் பக்கத்தில்தான் அவளும் இருக்கிறாள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நான் கொத்திய இடத்தின் சொரசொரப்பைத் தடவிப் பார்க்கிறேன். நான் எவ்வளவு நல்ல வேலைக்காரன் என்பது மட்டும்தான் விரலுக்குத் தெரிகிறது.